வீட்டுக்கே வந்து எடுக்கும் ‘கேன்சர் செக்கப் பேக்கேஜ்’: கடலூரிலிருந்து ஒரு மருந்துக்கடைக்காரரின் மதிப்பீடு

வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்துப் போகும் சேவைக்கு ஐந்துக்கு ஐந்து தருகிறேன். அந்த ரத்தத்தில் எதைத் தேடுகிறார்கள், யாரிடம் தேடுகிறார்கள் என்பதற்கு ஐந்துக்கு ஒன்றுதான். இரண்டையும் கூட்டிச் சராசரி போட்டால் மூன்று நட்சத்திரம் வரும், படிப்பவர்கள் “பரவாயில்லை போல” என்று பணம் கட்டிவிடுவார்கள். அதனால் தனித்தனியாகவே எழுதுகிறேன்.

நான் கடலூர் முதுநகரில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். டி.பார்ம். படித்தவன், டாக்டர் இல்லை. ஆனால் லேப் ரிப்போர்ட்டை வாங்கியதும் டாக்டரிடம் போவதற்கு முன்னால் பாதிப் பேர் மருந்துக்கடைக்குத்தான் வருகிறார்கள். “தம்பி, இதுல ஏதோ சிவப்புல போட்டிருக்கான், கொஞ்சம் பாருப்பா” என்று கவுண்டரில் விரித்துவிடுவார்கள். அப்படி விரிக்கப்படும் தாள்களில் இப்போதெல்லாம் கேன்சர் மார்க்கர், அதாவது கேன்சர் இருந்தால் ரத்தத்தில் ஏறக்கூடிய பொருள்களின் ரிப்போர்ட்டுகள் அதிகமாகிவிட்டன. அதுபோக, என் அக்கா சினைப்பைப் புற்றுநோய்க்குப் புதுச்சேரி ஜிப்மரில் சிகிச்சை எடுத்தவர். இந்த எண்களோடு எங்கள் குடும்பத்துக்கு நெருங்கிய பழக்கம் உண்டு.

லேபின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே பேக்கேஜை வேறு வேறு பெயரில் பலர் விற்கிறார்கள். ஒருவரை மட்டும் நிறுத்திவைத்துப் பேசினால் மற்றவர்கள் தப்பித்துக்கொள்வார்கள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பேக்கேஜை எங்களுக்குப் போட்டது பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள். அப்பா அம்மாவுக்கு என்று மொபைலிலேயே பணம் கட்டிவிட்டாள், இருவருக்கும் சேர்த்து ஆறாயிரத்துச் சொச்சம். சொன்னபடி காலை ஆறரைக்கு ரத்தம் எடுக்கும் பெண் வந்து நின்றார். நெய்வேலிப் பக்கத்து ஊர்க்காரர். கையைக் கழுவி, புதுக் கையுறை மாட்டி, ஊசி உறையை எங்கள் கண்முன்னால் பிரித்தார். என் மனைவிக்கு நரம்பு கிடைப்பது கஷ்டம், எத்தனையோ இடத்தில் குத்திக் குத்திக் கை நீலம் பாய்ந்திருக்கிறது. இவர் சின்ன பட்டர்ஃப்ளை ஊசியை எடுத்து ஒரே குத்தில் முடித்தார். மஞ்சள் மூடிக் குழாயில் பெயரும் நேரமும் எழுதி, எங்களையே ஒருமுறை வாசிக்கச் சொல்லி, ஐஸ் பெட்டியில் வைத்தார். அந்தப் பெண் எந்த வேலைக்குப் போனாலும் முன்னுக்கு வருவார். ரிப்போர்ட்டும் மறுநாள் மாலையே வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது.

நடக்க முடியாத பெரியவர்களுக்கு, டாக்டர் எழுதிக் கொடுத்த தைராய்டு, சர்க்கரை, கிரியேட்டினின் எடுப்பதற்கு இந்தச் சேவையைத் தாராளமாகச் சொல்வேன். சொல்லிக்கொண்டும் இருக்கிறேன்.

இனி பேக்கேஜ்.

பெண்களுக்கான தொகுப்பில் சி.ஏ. 125 (சினைப்பைக்கு), சி.ஏ. 15-3 (மார்பகத்துக்கு), சி.ஏ. 19-9 (கணையத்துக்கு), சி.இ.ஏ. (குடலுக்கு), ஏ.எஃப்.பி. (கல்லீரலுக்கு), பீட்டா எச்.சி.ஜி. என்று ஆறு மார்க்கர்கள். ஆண்களுக்கு சி.ஏ. 125-க்கும் 15-3-க்கும் பதிலாக, புராஸ்டேட்டுக்கான பி.எஸ்.ஏ. இதில் பீட்டா எச்.சி.ஜி. என்பது நான் கடையில் விற்கும் கர்ப்பப் பரிசோதனை அட்டை கண்டுபிடிக்கும் அதே ஹார்மோன்தான். சில அரிதான கட்டிகளில் அது உயரும், உண்மை. ஆனால் நாற்பத்தாறு வயதுப் பெண்ணுக்கு எந்த அறிகுறியும் இல்லாமல் அதை எடுத்து ‘கேன்சர் செக்கப்’ என்று பெயர் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

விளம்பரத் தாளில் “ஒரே ரத்தத்தில் ஆறு கேன்சர்களை ஆரம்பத்திலேயே கண்டுபிடியுங்கள்” என்று இருக்கிறது. என் சண்டை முழுக்க அந்த ஒரு வரியோடுதான்.

என் மனைவியின் ரிப்போர்ட்டில் சி.ஏ. 125 மட்டும் 58. முப்பத்தைந்துக்குள் இருக்க வேண்டும் என்று பக்கத்தில் போட்டு, 58-ஐச் சிவப்பில் தடித்த எழுத்தில் அடித்திருந்தார்கள். ரிப்போர்ட் வந்த கொஞ்ச நேரத்தில் லேபின் கால் சென்டரிலிருந்து போன். “மேடம், உங்களுக்கு ஓவரி கேன்சர் மார்க்கர் ஹையா இருக்கு. பெட் சி.டி. எடுத்துப் பாத்துடுறது நல்லது. இன்னைக்கே புக் பண்ணினா தள்ளுபடி இருக்கு.” அக்காவின் நோயைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் என் மனைவி. அன்று ராத்திரி சமையல் இல்லை, தூக்கம் இல்லை. பெங்களூரில் மகளும் அழுகிறாள், தான் பணம் கட்டியதால் வந்த வினை என்று.

ரத்தம் எடுத்த அன்று என் மனைவிக்கு மாதவிலக்கு இரண்டாம் நாள். கர்ப்பப்பையில் நார்க்கட்டி இருப்பதும் பல வருடமாகத் தெரிந்த விஷயம். சி.ஏ. 125 என்பது சினைப்பைக்கு மட்டும் சொந்தமான பொருள் இல்லை. வயிற்றுக்குள் இருக்கும் உறை, கர்ப்பப்பையின் உட்சவ்வு, நுரையீரலைச் சுற்றிய உறை, இவை எதில் எரிச்சலோ அழற்சியோ வந்தாலும் ரத்தத்தில் அது ஏறும். மாதவிலக்கில் ஏறும், நார்க்கட்டியில் ஏறும், கர்ப்ப காலத்தில் ஏறும், கல்லீரல் கெட்டு வயிற்றில் நீர் கோர்த்தால் ஏறும். வயிற்றுக் காசநோயில் நூற்றுக்கணக்கில் ஏறும். நம் ஊரில் அந்தக் கடைசி விஷயம் ரொம்ப முக்கியம்.

புக் செய்யும்போதும் சரி, ரத்தம் எடுக்கும்போதும் சரி, இதில் ஒன்றைக்கூட யாரும் கேட்கவில்லை. படிவத்தில் பெயர், வயது, ஆணா பெண்ணா, போன் நம்பர். அவ்வளவுதான்.

மஞ்சக்குப்பத்தில் எங்களுக்குத் தெரிந்த மகப்பேறு மருத்துவரிடம் போனோம். அவர் ரிப்போர்ட்டைப் பார்ப்பதற்கு முன்னால் மனைவியைப் படுக்கவைத்துச் சோதித்தார், அப்புறம் ஸ்கேன் பார்த்தார். சினைப்பை இரண்டும் சுத்தம், நார்க்கட்டி பழையபடி. “விலக்கு முடிஞ்சு பத்துப் பன்னிரண்டு நாள் கழிச்சு, தேவைன்னா ஒரு தடவை எடுத்துப் பாருங்க. பெட் சி.டி.யெல்லாம் வேண்டாம்” என்றார். எடுத்தோம், 31. அதோடு முடிந்தது. ஆனால் அதற்குள் அவள் ஒருசுற்று இளைத்துவிட்டாள்.

அக்காவின் கதையில் இதே சி.ஏ. 125 எப்படி வேலை செய்தது என்று சொன்னால்தான் நான் சொல்வது புரியும். அக்கா நெல்லிக்குப்பத்தில் இருக்கிறார். வயிறு உப்பி, கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைந்துவிட்டது போலிருந்தது. வாயு என்று நினைத்து மாத்திரை கேட்டு என் கடைக்கு வந்தார். வயிற்றைப் பார்த்ததும் மாத்திரை தராமல் ஸ்கேனுக்குத்தான் அனுப்பினேன். வயிற்றில் நீர், சினைப்பையில் கட்டி. அங்கிருந்து கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மருக்குப் போனோம். ஜிப்மரில் மண்டலப் புற்றுநோய் மையம் இருப்பது கடலூர், விழுப்புரம் ஜனங்களுக்குக் கிடைத்த பெரிய கொடை, இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

அங்கே சி.ஏ. 125 எடுத்தார்கள், 840 வந்தது. மாமா அதைப் பார்த்ததும் உடைந்து உட்கார்ந்துவிட்டார். டாக்டர் அந்த எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யவில்லை. “டி.பி.யாவும் இருக்கலாம், முதல்ல திசு பாக்கணும்” என்றார். வயிற்று நீரை எடுத்து அனுப்பினார்கள், ஊசி வைத்துத் திசு எடுத்தார்கள். மைக்ராஸ்கோப்பில் கேன்சர் செல் என்று உறுதியான பிறகுதான் பெயரே சொன்னார்கள். அதற்கு அப்புறம்தான் அந்த 840-க்கு ஒரு வேலை வந்தது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோ. ஒவ்வொரு சுற்றிலும் எண் இறங்குகிறதா என்று பார்த்தார்கள். பாதிக்கு மேல் இறங்கியது, பிறகு நூற்றுச் சொச்சம், ஆபரேஷன், மறுபடி கீமோ, கடைசியில் 14. மருந்து கேட்கிறது என்று ஸ்கேனுக்கு முன்னாலேயே எங்களுக்குச் சொன்னது அந்த எண்தான். அக்காவின் பைலில் அந்தத் தாள்களை மாமா தேதி வாரியாக ஒட்டி வைத்திருக்கிறார்.

ஒரே லேபில், ஒரே முறையில் எடுக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு கம்பெனி இயந்திரமும் ஒரே ரத்தத்துக்குக் கொஞ்சம் வேறு எண் காட்டும். இங்கே ஒரு மாதம், அங்கே ஒரு மாதம் என்று மாற்றினால் ஏறியதா இறங்கியதா என்பதே தெரியாமல் போகும். மார்க்கர் தொடர்ந்து எடுப்பவர்கள் வீட்டில் யாராவது இருந்தால் இதை மட்டுமாவது மனதில் வையுங்கள்.

இன்னொன்றும் அங்கே கற்றுக்கொண்டோம். சிகிச்சை முடிந்து நன்றாக இருக்கும்போது எண் மட்டும் மெல்ல ஏறினால் உடனே கீமோ தொடங்க வேண்டுமா என்று மாமா கேட்டார். வேண்டியதில்லை என்றார் டாக்டர். 2010-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த ஆய்வு ஒன்று இருக்கிறது. 500-க்கும் மேற்பட்ட பெண்களில், எண் ஏறியவுடனே சிகிச்சை தொடங்கியவர்களும் அறிகுறி வரும்வரை காத்திருந்தவர்களும் ஒரே அளவு காலம்தான் வாழ்ந்தார்கள். முன்னதாகத் தொடங்கியவர்களுக்கு வாழ்க்கையின் தரம்தான் சீக்கிரம் குறைந்தது. தெரிந்த நோயாளிக்கே இவ்வளவு நிதானம் வேண்டும் என்றால், நோயே இல்லாதவருக்கு?

அதையும் பெரிய அளவில் பார்த்துவிட்டார்கள். பிரிட்டனில் 50 முதல் 74 வயது வரை உள்ள 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை 2001 முதல் 2005 வரை சேர்த்து, ஒரு பகுதியினருக்கு வருடாவருடம் சி.ஏ. 125, இன்னொரு பகுதியினருக்கு ஸ்கேன், மற்றவர்களுக்கு எதுவும் இல்லை என்று பிரித்துப் பல வருடம் தொடர்ந்தார்கள். 2021-இல் முடிவு வந்தது. சினைப்பைப் புற்றுநோயால் இறப்பவர்களின் எண்ணிக்கை சொல்லும்படியாகக் குறையவில்லை. உலகத்தில் இதைவிடப் பெரிதாக யாரும் இதற்கு முயன்றதில்லை. அந்த முடிவைத் தெரிந்துகொண்டும் “ஆரம்பத்திலேயே கண்டுபிடியுங்கள்” என்று நோட்டீஸ் அடிக்கிறார்களா, தெரியாமல் அடிக்கிறார்களா என்பது எனக்குப் பெரிய கேள்வி.

கணக்கு எங்கே தவறுகிறது என்று கடையில் கேட்பவர்களுக்கு நான் இப்படித்தான் சொல்வேன். பத்தாயிரம் பெண்கள் என்று வைத்துக்கொள்வோம், அதில் நாலு பேருக்கு அந்த நோய் இருக்கிறது. பரிசோதனை மூன்று பேரைப் பிடிக்கிறது, நல்ல பரிசோதனைதான். நோய் இல்லாதவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கு மட்டும் தவறாக உயர்வு காட்டுகிறது, அதுவும் குறைவுதான். ஆனால் நூற்றுக்கு ஒன்று என்றால் பத்தாயிரத்தில் நூறு பேர். ஆக, சிவப்பு எழுத்து வந்த நூற்று மூன்று பேரில் உண்மையில் நோய் உள்ளவர்கள் மூன்று பேர். மீதி நூறு வீட்டில் சமையல் நின்றுபோகும். நோய் இருந்தும் விட்டுப்போன அந்த ஒருவர் “எனக்கு ஒன்றுமில்லை” என்று வீட்டுக்குப் போவார்.

இதை ஆறால் பெருக்குங்கள். ஒவ்வொரு பரிசோதனையும் நல்ல உடம்புக்காரர் நூறு பேரில் ஐந்து பேருக்குத் தவறாகக் காட்டும் என்று எடுத்துக்கொண்டால், ஆறையும் சேர்த்து எடுப்பவர்களில் கிட்டத்தட்ட நாலில் ஒருவருக்கு ஏதாவது ஒன்று சிவப்பில் வந்துவிடும். பேக்கேஜில் எண்ணிக்கை கூடக் கூட லாபம் என்று விற்கிறார்கள். கூடக் கூட வீண் பயம்தான் கூடுகிறது.

கடலூர் துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் கூண்டு ஏற்றினால் கடலில் எங்கோ தூரத்தில் வானிலை கெட்டிருக்கிறது என்று அர்த்தம். படகுக்காரர்கள் காதைத் தீட்டி வைத்துக்கொள்வார்கள், யாரும் அன்றைக்கே வீட்டைக் காலி செய்வதில்லை. மார்க்கர் உயர்வையும் அந்த அளவில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். கால் சென்டர்காரர்கள் நேராகப் பத்தாம் எண்ணை ஏற்றிவிடுகிறார்கள்.

பி.எஸ்.ஏ. பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் கவுண்டருக்கு அதிகம் வருவது அதுதான். அமெரிக்காவில் 1986-இல் இதை அனுமதித்ததே ஏற்கெனவே புராஸ்டேட் புற்றுநோய் உள்ளவர்களைக் கண்காணிக்கத்தான். நோயைக் கண்டுபிடிக்க உதவியாகப் பயன்படுத்த 1994-இல்தான் அனுமதி. இப்போதும் அங்கே 55 முதல் 69 வயதுக்காரர்கள், டாக்டரிடம் நல்லது கெட்டது பேசி அவரவர் முடிவு செய்துகொள்ளுங்கள் என்றுதான் பரிந்துரை. எங்கள் தெருவில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் அண்ணனுக்கு 7.2 வந்தது. மூத்திரம் போகும்போது எரிச்சல் என்று அதற்கு முந்தின வாரம்தான் என்னிடம் புலம்பியிருந்தார். யூரின் கல்ச்சர் எடுத்து, டாக்டர் எழுதிய மருந்தை முழுசாக முடித்து, சில வாரம் கழித்துப் பார்த்தால் 2.4. மூத்திரத் தொற்றில் ஏறும், வயதாகிப் புராஸ்டேட் வீங்கினாலும் ஏறும், மூத்திரம் போக டியூப் போட்டாலும் ஏறும்.

இதற்கு நேர் எதிரானது ஒன்று. புராஸ்டேட் வீக்கத்துக்கும் முடி கொட்டுவதற்கும் ஃபினாஸ்டரைடு சாப்பிடுகிறார்கள். தொடர்ந்து சாப்பிட்டால் அது பி.எஸ்.ஏ.வைப் பாதியாகக் குறைத்துக் காட்டும். அப்போது 3 என்று வந்தால் அது 6 என்று படிக்க வேண்டியது. மாத்திரையைப் பற்றிக் கேட்காத லேப் அதை ‘நார்மல்’ என்று பச்சையில் அடித்துக் கொடுக்கும். முடி, நகம் வளர என்று விற்கிற பயோட்டின் மாத்திரையும் சில இயந்திரங்களில் இந்த வகைப் பரிசோதனைகளின் எண்ணையே புரட்டிவிடும். 2017-இல் அமெரிக்க மருந்துத் துறை இதைப் பற்றி எச்சரிக்கை விட்டது. என் கடையில் பயோட்டின் வாங்குகிறவர்களிடம் ரத்தம் எடுக்கப் போகும்போது லேபில் சொல்லச் சொல்கிறேன். லேப்தான் கேட்பதில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சி.இ.ஏ.வை 1965-இல் கனடாவில் கோல்டு, ஃப்ரீட்மன் என்ற இருவர் குடல் கட்டியில் கண்டுபிடித்தபோது, குடல் புற்றுநோய்க்கு ரத்தப் பரிசோதனை கிடைத்துவிட்டது என்று உலகமே நம்பியது. பீடி, சிகரெட் பிடிக்கிறவர்களுக்குச் சும்மாவே ஏறும் என்று பிறகு தெரிந்தது. இன்றைக்கு அது குடல் கேன்சர் ஆபரேஷன் ஆனவர்களைக் கண்காணிக்க நல்ல கருவி, அவ்வளவே. சி.ஏ. 19-9 பித்தக்குழாய் அடைத்து மஞ்சள் காமாலை வந்தாலே எகிறும். இன்னொரு பக்கம் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு, அவர்களது ரத்த வகை அமைப்பின்படி, அந்தப் பொருள் உடம்பில் உற்பத்தியே ஆகாது. கணையத்தில் கட்டியே இருந்தாலும் அவர்களுக்கு நார்மல்தான் வரும்.

வீண் பயத்தைவிட எனக்கு அதிகக் கோபம் வருவது வீண் தைரியத்தின் மேல்தான்.

துறைமுகத்தில் ஐஸ் இறக்கும் வேலை பார்க்கும் ஒருவர் என் கடையில் அடிக்கடி பி.காம்ப்ளெக்ஸும் வாய்ப்புண் ஜெல்லும் வாங்குவார். பல வருடமாகப் புகையிலை அடக்கும் பழக்கம். ஆறாத புண்ணுக்கு எத்தனை நாள் ஜெல் போடுவீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள் என்று சொன்னால், சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். ஏதோ ஒரு முகாமில் பாதி விலைக்கு எடுத்த இதே மாதிரி பேக்கேஜ் ரிப்போர்ட். எல்லாம் நார்மல். “கேன்சர் இல்லன்னு ரத்தத்துலயே பாத்துட்டாங்க அண்ணே.” வாய்ப் புற்றுநோயைப் பார்க்கிற ஒரு பரிசோதனைகூட அந்தத் தாளில் இல்லை. ஆரம்பத்திலேயே அதைப் பிடிக்கிற நம்பகமான ரத்த மார்க்கர் எதுவும் இன்றைக்கு நடைமுறையில் இல்லை. கன்னத்தை விலக்கி டார்ச் அடித்துப் பார்த்தேன். வெள்ளைத் திட்டு, நடுவில் புண், ஓரம் தடித்திருந்தது. அன்றைக்கே மஞ்சக்குப்பம் அரசுத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்பினேன். பயாப்ஸியில் கேன்சர். நல்லவேளை, கழுத்துக்குப் பரவவில்லை. ஆபரேஷன் முடிந்து இப்போது கடைக்கு வருகிறார், பேச்சு கொஞ்சம் குழறுகிறது, சாப்பாடு இறங்குகிறது. அந்தப் பச்சை எழுத்து நார்மல்களை நம்பி இன்னும் நாலைந்து மாதம் தள்ளியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை.

வாய்க்குப் பணமே வேண்டாம், வெளிச்சமும் தெரிந்த கண்ணும் போதும். மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணை யாரும் ஜெல் போட்டு மூடி வைக்கக் கூடாது. நம் நாட்டில் 30 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய் மூன்றையும் பார்க்கும் திட்டம் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே இருக்கிறது. பேக்கேஜுக்குக் கட்டிய காசில் ஒருமுறை மேமோகிராம் எடுத்திருக்கலாம் என்று என் மகளிடம் சொன்னேன். கர்ப்பப்பை வாய்க்கு எச்.பி.வி. பரிசோதனை. உண்மையிலேயே நோய்க்கு முன்னால் போய் நிற்கிற பரிசோதனை அதுதான், ஏனென்றால் அந்தப் புற்றுநோயின் காரணமான வைரஸையே அது தேடுகிறது, கட்டி உருவாவதற்கு வருடக்கணக்கில் முன்னால். அந்த வைரஸ்தான் காரணம் என்று கண்டறிந்ததற்காக ஜெர்மனியின் ஹரால்டு சுர் ஹவுசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். லேபின் ‘கேன்சர் செக்கப்’ தொகுப்பில் அது இல்லை.

மார்க்கர் என்றாலே ஏமாற்று என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். திசுவில் பார்க்கும் மார்க்கர்களால் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்பது மருந்துக்கடையில் நிற்பவனுக்குத் தெரியும். டாமாக்சிஃபென், லெட்ரோசோல் வாங்க மாதாமாதம் என்னிடம் வரும் பெண்கள் எல்லாரும், மார்பகக் கட்டியில் ஹார்மோன் ஏற்பி இருக்கிறது என்று, திசுவைச் சாயமேற்றிப் பார்க்கும் ஐ.எச்.சி. ரிப்போர்ட் சொன்னதால் அந்த மாத்திரை சாப்பிடுபவர்கள். அதே ரிப்போர்ட்டில் ஹெர்-2 என்ற புரதம் பாசிட்டிவ் என்று வந்தால் அதற்கென்றே தனி ஊசி 1998 முதல் இருக்கிறது. ரத்தப் புற்றுநோயில் சி.எம்.எல். என்ற வகைக்குக் காரணமான குரோமோசோம் கோளாறை 1960-இல் பார்த்தார்கள், அதைக் குறிவைத்து இமாடினிப் மாத்திரை 2001-இல் வந்தது. மாதம் ஒரு லட்சத்துக்கும் மேல் விற்ற மாத்திரை அது. 2013-இல் காப்புரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பால் நம் நாட்டு கம்பெனி மாத்திரை பத்தாயிரத்துக்குள் தொடர்ந்து கிடைத்தது. சாகிற நோயாக இருந்தது இன்று பலருக்குத் தினம் மாத்திரை போட்டு வாழ்கிற நோய். அவர்களுக்கு மருந்து வேலை செய்கிறதா என்று பார்ப்பதும் பி.சி.ஆர்.-ஏ.பி.எல். என்ற ரத்த மார்க்கர்தான். டாக்டர் எழுதிக்கொடுத்து எடுக்கும் மார்க்கரைப் பார்த்து யாரும் பயப்படவும் வேண்டாம், தள்ளிப்போடவும் வேண்டாம்.

ரிப்போர்ட்டின் வடிவம் பற்றி ஒரு வார்த்தை. எல்லாம் ஆங்கிலம். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில், இதை மட்டும் வைத்து நோய் உண்டு இல்லை என்று முடிவு செய்யக் கூடாது என்று ஒரு வரி இருக்கிறது. சிவப்பு எழுத்து இருக்கும் முதல் பக்கத்தில், தமிழில், அந்த அளவிலேயே அந்த வரியைப் போட்டால் போதும், பாதி ராத்திரித் தூக்கங்கள் தப்பிக்கும்.

லேபின் விற்பனைப் பிரதிநிதி அடுத்த வாரம் கடைக்கு வந்தார். கடை முகப்பில் அவர்கள் போர்டு வைத்தால் ஒவ்வொரு புக்கிங்குக்கும் கமிஷன் என்றார். சின்னப் பையன், மரியாதையாகப் பேசினார், அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. டாக்டர் சீட்டு உள்ளவர்களுக்கு வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்கும் சேவையின் போர்டு என்றால் வைக்கிறேன், கமிஷன்கூட வேண்டாம், கேன்சர் பேக்கேஜ் நோட்டீஸ் என் கடையில் தொங்காது என்று சொன்னேன். படிவத்தில் நாலு கேள்வி சேர்க்கவும் கேட்டேன்: என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், புகைப்பீர்களா, பெண்ணானால் விலக்கு எப்போது வந்தது, இந்தப் பரிசோதனையை எந்த டாக்டர் எழுதினார். அவர் தன் நோட்டில் எழுதிக்கொண்டு, சென்னை ஆபீஸுக்குச் சொல்வதாகச் சொல்லிப் போனார். ரிப்போர்ட் வந்தவுடன் ஸ்கேன் விற்கப் போன் செய்வதை நிறுத்துங்கள் என்பதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

வீட்டுச் சேவை போர்டு இப்போது கடையில் இருக்கிறது. படிவம் மாறினால் இதே மதிப்பீட்டின் கீழே சேர்த்து எழுதுகிறேன்.